அம்மாவின் ஐசியும் என் கைப்பேசியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்து மணிகூட ஆகவில்லை. மாசாயிலிருந்து வந்த பேருந்தை விட்டு ஜொகூர் பாருவில் இறங்கும்போது நல்ல மழை. ஒரு கையில் குடை, ஒரு தோளில் பை. பின்னால் இறங்கியவர் இடித்ததில் கைப்பேசி நழுவி, ஓரத்தில் ஓடிய மழைத்தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். திரை இரண்டு முறை வெளிச்சம் காட்டிவிட்டு அணைந்துபோனது.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் கைப்பேசி அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 மார்ச் மாதம் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறையைக் காரில் போகிறவர்களுக்குத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் நம் பக்கமும் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் கியூஆர் சோதனை ஓட்டம் ஆரம்பித்தது. பிறகு அதே வேலைக்கு மைநீஸ் செயலி வந்தது. நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிற எல்லை இது. வரிசை கொஞ்சம் வேகமாக நகர்ந்தால்கூட எங்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். அந்த வசதிக்கு நான் நன்றியோடு பழகிவிட்டேன்.

ஆனால் அன்று எல்லை என்னைத் தடுக்கவில்லை. கடப்பிதழ் பையில் இருந்தது. கியூஆர் வந்த பிறகும் கடப்பிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. கடப்பிதழைக் காட்டிப் போகும் வழியும் மூடப்படவில்லை. வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் தாமதமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான்.

என்னை உண்மையில் நிறுத்திய இடம் வேறு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அன்று மதியம் அம்மாவுக்குக் கண் மருத்துவரிடம் முன்பதிவு. பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் போயிருந்தார். கட்டணத்தை நான் வேலையிடத்திலிருந்தே அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. பில் 380 வெள்ளி. அம்மாவின் கைப்பையில் 60 வெள்ளிதான் இருந்திருக்கிறது. அக்கா எனக்கு மூன்று முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? என் கைப்பேசி உணவு மேசைமேல் திசுத்தாளில் சுற்றிக் கிடந்தது. சக ஊழியரின் கைப்பேசியை வாங்கினேன். யாருடைய எண்ணையும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அக்காவின் எண் தெரியவில்லை. என் கணவரின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் ஞாபகம் வந்தன.

அக்கா தன் கைப்பணத்தை எடுத்துக் கட்டி, அம்மாவைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அவரிடம் ஏன் அவ்வளவு ரொக்கம் இருந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு நடுவில், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று முகநூலில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து அவர் ஆள் கேட்டார். முன்பதிவு செய்ய ஓர் ஆப்பை இறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினார்கள். கூகுள் கடையில் உள்ளது அல்ல, நேராக அனுப்பிய ஏபிகே கோப்பு. அதை இறக்கியதும், அவர் கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்திகளை எல்லாம் இன்னொருவன் படிக்க ஆரம்பித்துவிட்டான். பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி தரும் டேக் எண்ணும் அப்போது குறுஞ்செய்தியில்தானே வந்தது? மறுநாள் காலையில் சேமிப்புக் கணக்கில் இருந்த ஆறாயிரம் வெள்ளியைக் காணோம். அன்றிலிருந்து அவர் கைப்பேசியில் வங்கி ஆப் கிடையாது. மாதம் ஒருமுறை இயந்திரத்தில் காசு எடுத்து வைத்துக்கொள்வார். அந்தக் காசுதான் அன்று என் அம்மாவுக்கு உதவியது.

இனி என் வங்கிக் கதைக்கு வருகிறேன். மாலையில் வேலை முடிந்ததும் புதுக் கைப்பேசி ஒன்று வாங்கினேன். பழைய சிம்மைப் போட்டேன். வங்கி ஆப்பைத் திறந்தால், புதிய கருவி என்பதால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றது. அதுவரை ஒரு காசு நகராது. அக்காவுக்குத் தர வேண்டிய 380 வெள்ளியை மறுநாள்தான் தர முடிந்தது.

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது தணிந்தது. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. குறுஞ்செய்தி டேக்கைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாற வேண்டும். ஒருவருக்கு ஒரு கருவி மட்டுமே ஒப்புதல் தரலாம். புதிதாக ஒரு கருவியைப் பதிவு செய்தால் சில மணி நேரம் ஆறப்போட வேண்டும். அக்காவைப் போல் ஏமாந்தவர்களுக்காகத்தான் இந்த விதிகள் வந்தன. அடுத்த மாதமே மோசடிப் புகார்களுக்கு 997 என்ற எண்ணும் வந்தது. (இந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். பணம் போனது தெரிந்த அடுத்த நிமிடமே அழைக்க வேண்டிய எண் இது.)

ஆக, விதியில் தப்பில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ‘ஒருவருக்கு ஒரு கருவி’ என்றால், அந்தக் கருவிதான் நான் என்று ஆகிவிடுகிறது. கருவி தண்ணீரில் விழுந்தால் நானும் விழுந்த மாதிரி. எல்லையில் எனக்கு இரண்டாவது வழி இருந்தது. வங்கியில், கிளை மூடிய அந்த மாலை நேரத்தில், எனக்கு இரண்டாவது வழி இல்லை. கைப்பேசிக்கு நாம் அடிமையாகிவிட்டோம் என்று மேடையில் பேசுகிற எல்லாரும் நம் விரலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். விரலிலும் குற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் நம்மைக் கைப்பேசியோடு கட்டிப்போடுவது, மற்ற வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதுதான்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது அம்மாவின் இரண்டு நூறு வெள்ளிகள்.

முதல் நூறு வெள்ளி 2023 டிசம்பரில் வந்தது. இ-மடானி என்று பெயர். அரசாங்கம் கொடுத்தது. ஆனால் மின்பணப்பையில்தான் வரும், பிப்ரவரிக்குள் செலவழித்துவிட வேண்டும். அம்மாவுக்கு அப்போது 71 வயது. அவரிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. முதலில் ஒரு பழைய திறன்பேசியைத் தேடி எடுத்தோம். மின்பணப்பைக் கணக்குத் திறந்தோம். அடையாள அட்டையான ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் படம் பிடித்தோம். பிறகு முகத்தைக் காட்டச் சொன்னது. கண்ணை இமைக்கச் சொன்னது, தலையைத் திருப்பச் சொன்னது. அம்மாவுக்கு அப்போதே கண்ணில் புரை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நான் பின்னால் நின்று, “மா, இப்ப கண்ண மூடித் தொற” என்று சொல்ல, அவர் செய்ய, அது ஏற்கவில்லை. நான்கு முறை. ஐந்தாவது முறை, “வேணாம் புள்ள, விடு. கவர்மெண்டு என் மூஞ்சிய நம்பல போல” என்றார்.

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. கடைசியில் எப்படியோ பணம் வந்தது. அதைச் செலவழித்தது நான். அம்மாவின் பெயரில் வந்த நூறு வெள்ளியை அம்மா ஒரு காசுகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாவது நூறு வெள்ளி 2025 ஆகஸ்டு 31-ஆம் தேதி, சுதந்திர நாளில் வந்தது. சாரா உதவி. பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும், அவரவர் ஐசியிலேயே. ஆப் வேண்டாம், பதிவு வேண்டாம். கடைக்குப் போய் அரிசி, எண்ணெய், பிஸ்கட், சோப்பு என்று அனுமதித்த சாமானை எடுத்து, கல்லாவில் ஐசியைச் சொருகினால் போதும். முதல் இரண்டு வாரக் கூட்டம் ஓய்ந்த பிறகு, அம்மா தாமானில் உள்ள கடைக்குத் தனியாக நடந்து போனார். திரும்பி வரும்போது அஞ்சு கிலோ அரிசிப் பையைக் கடைப் பையன் தூக்கி வந்தான். அம்மா கையில் ரசீது. “இன்னும் 42 வெள்ளி இருக்காம். அடுத்த வாரம் எண்ண வாங்கிக்கிறேன்” என்றார். அந்தக் குரலை நான் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை. அப்பா இருந்த காலத்தில், சம்பள நாளில் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு வரும்போது அம்மா அப்படிப் பேசுவார்.

அதே அரசாங்கம், அதே நூறு வெள்ளி, அதே அம்மா. இடையில் இரண்டு வருடம்கூட இல்லை. மாறியது வழி மட்டும்.

யோசித்துப் பார்த்தால் ஐசியும் ஒரு ஸ்மார்ட் கருவிதான். மைகார்டு 2001-இல் வந்தபோது, சிப்பும் கைரேகையும் உள்ளடக்கிய அடையாள அட்டை என்று நாடே பெருமைப்பட்டது. இருபத்து நான்கு வருடம் கழித்து அதே அட்டை கடையில் அரிசி வாங்கித் தருகிறது. அதற்கு மின்னூட்டம் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லிக் கேட்காது. இரவில் ஒலி எழுப்பாது. தண்ணீரில் விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி 95 திட்டத்திலும் அப்படித்தான். ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு வாங்க ஐசியைக் காட்டினால் போதும். ஆப் வைத்திருப்பவர் ஆப்பிலும் வாங்கலாம். என் கணவர் ஆப்பில் போடுகிறார். எதிர்வீட்டுத் தாத்தா தன் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஐசியைச் சொருகிப் போடுகிறார். இருவருக்கும் ஒரே விலை. இதைத்தான் நான் நல்ல ஏற்பாடு என்பேன்.

கைப்பேசி மேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வீட்டில் அதை யாரும் வெறுக்க முடியாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது என் அண்ணன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். இரண்டு வாரம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அவர் கொண்டு போனது நான்கு சட்டை. பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். மறுபக்கத்துக் கட்டடங்களை ஸ்துலாங் கடற்கரையில் நின்று பார்க்கலாம். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வருடம் ஆனது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை முழுதாகத் திறந்த பிறகுதான் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அந்த இரண்டு வருடமும் ராத்திரி எட்டு மணிக்கு அம்மா ஒரு மைலோ டின்னைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். என் கைப்பேசியை அதில் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் அண்ணன் தன் அறையில் தட்டோடு உட்கார்ந்திருப்பார். நாங்கள் இங்கே சாப்பிடுவோம், அவர் அங்கே சாப்பிடுவார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். “என்ன கொழம்பு?” “ரசம் ஊத்திக்கிட்டியா?” அவ்வளவுதான். பொத்தான் கைப்பேசியை விடமாட்டேன் என்ற அம்மா, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் திறன்பேசியின் பச்சைப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டார். அந்த டின் இன்னும் மேசையிலேயே இருக்கிறது. எடுக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு.

அதே காலத்தில்தான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மைசெஜாத்ரா ஆப்பில் கியூஆர் தட்ட வேண்டியிருந்தது. அப்போதும் பல கடை வாசல்களில் ஒரு நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. ஆப் இல்லாதவர்கள் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு உள்ளே போகலாம். அம்மா தன் கோணல் தமிழ் எழுத்தில் பெயர் எழுதிவிட்டுத்தான் மீன் வாங்கினார். நாடே பயந்து கிடந்த நேரத்தில் ஒரு நோட்டுக்கு இடம் இருந்தது. இன்று சாதாரண நாளில் பல இடங்களில் அந்த நோட்டைக் காணவில்லை.

பிள்ளைகளையும் கைப்பேசியையும் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பள்ளிக்குக் கொண்டு வரக் கூடாது என்ற விதி ஏற்கெனவே உண்டு. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அரசாங்கமும் முடிவெடுத்திருக்கிறது. நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் சாப்பிடும்போது நாம் கைப்பேசியைக் கீழே வைக்காமல் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜொகூர்க்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா பிறந்தது கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். அவர் அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் காரில் போனோம். சாலை ஓரத்தில் சன்னலே இல்லாத நீளமான வெள்ளைக் கட்டடங்கள். “இது என்ன ஃபேக்டரி?” என்று அம்மா கேட்டார். “தரவு மையம் பாட்டி. நம்ம போன்ல இருக்குறது எல்லாம் இந்த மாதிரி எடத்துலதான் இருக்கும்” என்றான் என் மகன். கூலாய் யங் தோட்டம் என்று 664 ஹெக்டேர் நிலம். அதை ஒய்டிஎல் நிறுவனம் வாங்கித் தரவு மையப் பூங்கா ஆக்கியது. 2023 டிசம்பரில் என்விடியாவோடு சேர்ந்து சுமார் 2,000 கோடி வெள்ளித் திட்டத்தை அறிவித்தார்கள். செடெனாக்கிலும் இப்படிக் கட்டடங்கள் எழுகின்றன. கைப்பேசி என்பது உள்ளங்கையில் அடங்குகிற பொருள் என்று நினைக்கிறோம். அதன் பாதி உடம்பு நம் ஊரில், நம் மின்சாரத்தில், நம் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரை மிக அதிகமாகக் குடிக்கும் ரகத் தரவு மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று 2025 இறுதியில் மாநில அரசு சொல்ல வேண்டிய நிலை வந்தது. அம்மா அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இங்க எத்தன குடும்பம் வேல செய்யுது?” தோட்டத்தில் ஒரு லயத்தில் எத்தனை குடும்பம் இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் கேட்கிறார். கார் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பங்கை மறைத்தால் நேர்மையாக இருக்காது. நான் என் மகன் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கிறேன். எல்லா அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில்தான் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். காகிதம் மிச்சம், நேரம் மிச்சம், ஒரே தட்டில் எல்லாருக்கும் போய்விடும் என்று நானே பேசினேன். ‘எல்லாருக்கும்’ என்றுதான் சொன்னேன்.

இந்த வருடம் பள்ளி தொடக்க உதவியாக ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி கொடுத்தார்கள். பெற்றோரோ பாதுகாவலரோ வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தேதியும் நேரமும் குழுவில் போட்டோம். எல்லாரும் வந்தார்கள், ஒரு பாட்டியைத் தவிர. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள், வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. பேரனைப் பாட்டிதான் வளர்க்கிறார். குழுவில் இருப்பது மருமகளின் எண். அந்த வாரம் அவருக்கு இரவு வேலை, செய்தியைப் பார்க்கவில்லை. பணத்தை மறுவாரம் கொடுத்துவிட்டோம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பாட்டி என்னிடம் சொன்னது வேறு. “எனக்குத் தமிழ் நல்லா படிக்க வரும் அம்மா. ஒரு துண்டுத் தாள் குடுத்திருந்தா வந்திருப்பேன்.”

தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, தமிழ்ப்பள்ளி அறிவிப்பு போய்ச் சேராமல் செய்தது நாங்கள். அரசாங்கமும் வங்கியும் அல்ல. அந்தப் பாட்டியின் முகம் பல நாள் என் கண் முன்னால் நின்றது. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசினேன். இப்போது குழுவில் போடுகிற முக்கிய அறிவிப்பை, கேட்டுக்கொண்ட பதினோரு குடும்பங்களுக்கு அச்சடித்துப் பிள்ளையின் பையிலும் வைக்கிறோம். ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு ஐந்து வெள்ளிகூட இல்லை.

என் பையிலும் சில மாற்றங்கள். கடப்பிதழ் உறைக்குள் ஐந்து எண்கள் எழுதிய ஒரு சின்ன அட்டை, ஓர் ஐம்பது வெள்ளித் தாள், ஒரு பத்து சிங்கப்பூர் வெள்ளித் தாள். அம்மாவின் கைப்பையில் நானூறு வெள்ளி எப்போதும் இருக்கும். கணவரின் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன். அவரும் என் எண்ணைச் செய்துவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் கோயில் நிர்வாகத்தில் இருப்பீர்கள், குடியிருப்பாளர் சங்கத்தில் இருப்பீர்கள், பள்ளிச் செயலவையில், இளைஞர் மன்றத்தில் இருப்பீர்கள். அர்ச்சனைச் சீட்டானாலும் சரி, அன்னதானப் பதிவானாலும் சரி, விளையாட்டுப் போட்டிப் படிவமானாலும் சரி, கியூஆர் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டையும், நூலில் கட்டிய ஒரு பேனாவையும் தயவுசெய்து வையுங்கள்.